ஓலை சுற்றி அளந்த பூண்

முதல் நாள் – ராமநாதபுரம்

கார்த்திகை மாதத்து மழை நாள் ஒன்றில் என் அத்தை வீட்டுத் திண்ணையிலிருந்து இறங்கும்போது விழுந்துவிட்டார். இடது மணிக்கட்டு முறிந்தது. கட்டுப் போட்டு, கட்டுப் பிரித்து, இப்போது கை கூடிவிட்டது. ஆனால் அன்று அவர் ஊன்றியிருந்த தடி நான் செய்து கொடுத்தது. மூன்று ஆண்டுகளுக்கு முன் வைரம் பாய்ந்த பனையில் இழைத்து, எண்ணெய் தேய்த்து, அவருடைய உள்ளங்கைக்குப் பொருந்தும்படி கைப்பிடி செதுக்கிக் கொடுத்தேன். நுனிக்கு மட்டும் ஒன்றும் செய்யவில்லை. மரம் கல்லைப் போல இருக்கிறதே, இதற்குமேல் என்ன வேண்டும் என்று நினைத்தேன். போய்ப் பார்த்தபோது அந்த நுனி தேய்ந்த விளக்குமாறு போல நார் நாராகப் பிரிந்து கிடந்தது. ஒரு சிம்பு மடங்கி, ஈரக் கல்லில் வழுக்கியிருக்கிறது.

நுனியைக் காக்கும் உலோக வளையமான பூண் இல்லாத தடி இனி என் கையிலிருந்து யாருக்கும் போகக் கூடாது என்று அன்றே முடிவு செய்தேன். சிவகங்கைச் சீமையில் என் ஊர்ப்பக்கம் கொல்லுப்பட்டறைகள் அணைந்து பல காலம் ஆகிவிட்டது. ராமநாதபுரத்தில் அரிவாளும் மண்வெட்டியும் அடிக்கும் பெரியவர் ஒருவர் இருக்கிறார், உலக்கைக்கும் சிலம்பக் கம்புக்கும் பூண் போட்டவர் என்று கேள்விப்பட்டேன். பொங்கல் கழிந்ததும் மானாமதுரையில் ரயில் ஏறினேன். கோணிச் சாக்கில் சுற்றிய நான்கு தடிகள் கையில்: பனை ஒன்று, பூவரசு ஒன்று, வேம்பு ஒன்று, கருவை என்று சொல்லும் சீமைக்கருவேலம் ஒன்று. பரமக்குடி தாண்டியதும் ஜன்னலுக்கு வெளியே கருவைக்காடும் பனையும் மாறி மாறி வந்தன.

பட்டறை அரண்மனைப் பக்கத்துத் தெரு ஒன்றில், தகரக் கொட்டகைக்குள் இருக்கிறது. பெரியவருக்கு எழுபது வயதுக்கு மேல் இருக்கும். வந்த காரியத்தைச் சொன்னேன். பதில் சொல்லாமல் தடிகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்தார். பூவரசை வைத்தவுடன் எடுத்துத் தனியாகச் சாய்த்து வைத்தார்.

"இது எப்போது வெட்டியது, தம்பி?"

"புரட்டாசியில், ஐயா."

"இன்னும் குளிர்கிறது. உள்ளே தண்ணீர் இருக்கிறது. அடுத்த தைக்குக் கொண்டுவாருங்கள்."

இன்று பூண் போட்டால் என்ன ஆகும் என்று கேட்டேன். இன்று இறுகும், சித்திரையில் கழன்று விழும் என்றார். மரம் காயும்போது நீளவாக்கில் அநேகமாகச் சுருங்குவதில்லை, குறுக்குவாக்கில்தான் சுருங்கும். பூண் பிடித்திருப்பதோ குறுக்குவாக்கில். தடி மெலிய மெலியப் பூண் சட்டை பெரிதான பிள்ளையைப் போல ஆடத் தொடங்கும். நிழலில் ஓராண்டாவது கிடந்த மரம்தான் பூணுக்கு ஆகும் என்பது அவர் கணக்கு. கருவையைக் கன்னத்தில் வைத்துவிட்டுத் தலையாட்டினார். சீமைக்கருவேலம் மற்ற மரங்களைவிடக் குறைவாகவே சுருங்கும். இந்த மாவட்டத்தில் அந்த மரத்தைத் திட்டாதவர்கள் இல்லை. நிலத்தடி நீரை உறிஞ்சிவிடுகிறது என்ற அந்தக் கோபத்தில் எனக்கும் பங்கு உண்டு. ஆனால் தடிக்கும் பூணுக்கும் அது நல்ல மரம். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

இரவு விடுதியில் படுத்திருந்தபோது புறநானூற்றின் 243-ஆம் பாட்டு நினைவுக்கு வந்தது. இளமையில் மடுவில் குதித்து மூழ்கி மணலை அள்ளிவந்து காட்டிய ஒருவர், இருமலுக்கிடையே சில சொற்கள் மட்டும் பேசும் முதுமையில் "தொடித்தலை விழுத்தண்டு" ஊன்றி நடுங்கி நிற்கிறார். தொடி என்றால் வளையம். அந்தப் புலவரின் பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. பாட்டில் வந்த தடியை வைத்தே தொடித்தலை விழுத்தண்டினார் என்கிறோம். பெயர் மறைந்தாலும், அவர் தடிக்கு ஒரு வளையம் இருந்தது என்ற செய்தி நிலைத்துவிட்டது.

இரண்டாம் நாள் – பட்டறை

காலை ஆறரைக்கு உலை மூட்டினார்கள். கரி, கருவைக் கரி. முதுகுளத்தூர், சாயல்குடிப் பக்கத்துக் கரிமூட்டங்களிலிருந்து மூட்டையாக வருகிறது. விறகை அடுக்கி, மேலே மண்ணும் தழையும் பூசி, காற்று அதிகம் புகாமல் நாள்கணக்கில் புகையவிட்டு எடுக்கும் கரி. தடியும் அதே மரம், அதன் பூணைக் காய்ச்சும் நெருப்பும் அதே மரம் என்று எண்ணியபோது மனம் நிறைந்தது. துருத்தி இப்போது இல்லை. சிறிய மின்விசிறி ஒன்று காற்றை ஊதுகிறது. பழைய தோல் துருத்தி கூரையில் தொங்குகிறது. பெரியவர் அதைக் கழற்றி எறியவிடவில்லை என்று அவருடைய பேரன் சொன்னான்.

முதலில் அளவு. என் பையில் வெர்னியர் அளவுகோல் இருந்தது. அவர் அதைப் பார்க்கவே இல்லை. பனையோலையில் மெல்லிய கீற்று ஒன்றைக் கிழித்தார். அத்தைக்கான பனைத்தடியின் நுனி விட்டம் 24 மி.மீ. பூணின் வெளிப்பக்கமும் மரமும் ஒரே மட்டமாக நிற்க வேண்டுமானால், தகட்டின் கனத்துக்கு மரத்தைக் குறைத்தாக வேண்டும். தகடு 2 மி.மீ. ஆகவே நுனியில் ஒரு விரல் நீளத்துக்கு மரத்தைச் செதுக்கி 20 மி.மீ. ஆக்கினோம். செதுக்கிய இடத்தில் ஓலையைச் சுற்றி, நகத்தால் கீறி, பிரித்து நேராக்கினார். 63 மி.மீ. இருந்தது.

"இவ்வளவு வெட்டினால் போதாது. தகட்டுக் கனம் மூன்று கூட்டுங்கள். ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொள்ள ஒரு நெல் நீளம் கூட்டுங்கள்."

மூன்று ஏன்? இரும்புப் பட்டையைச் சுருட்டும்போது அதன் உள்பக்கம் நெருங்குகிறது, வெளிப்பக்கம் நீள்கிறது. நடுக்கோடுதான் மாறாமல் இருக்கிறது. அந்த நடுக்கோட்டின் வட்டம் மரத்தின் வட்டத்தைவிட ஒரு தகட்டுக் கனம் பெரிய விட்டம் உடையது. விட்டத்தில் ஒரு கனம் கூடினால் சுற்றளவில் 3.14 கனம் கூடும். பள்ளிக்கூடத்தில் பை என்று படித்தது இங்கே "தகட்டுக் கனம் மூன்று" என்று ஓலைக்கீற்றில் உட்கார்ந்திருக்கிறது. 63-உடன் 6 சேர்த்து 69. அதற்குமேல் நெல் நீளம். என் வெர்னியரைப் பையிலேயே வைத்துவிட்டேன்.

ஓர் அங்குல அகலப் பட்டை இரும்பை வெட்டிரும்பால் துண்டாக்கினார். இரண்டு முனைகளையும் காய்ச்சிச் சாய்வாக அடித்தார். ஒன்றின்மேல் ஒன்று ஏறும்போது அந்த இடம் தடித்துவிடக் கூடாது என்பதற்காக. அடுத்து அவர் செய்ததை நான் எங்கும் படித்ததில்லை. பூண் நேரான குழாயாக இருக்கக் கூடாது. மேல்வாய் அகன்றும் அடி சற்றுக் குறுகியும் இருக்க வேண்டும். அப்போதுதான் ஒவ்வொரு முறை ஊன்றும்போதும் உடம்பின் பாரம் மரத்தைப் பூணுக்குள் இறக்கி இறுக்கும். அந்தக் கூம்புக்காகப் பட்டையைப் பிறைபோல வளைத்து வெட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் வெட்டவில்லை. பழுத்த பட்டையைப் பட்டடைக்கல்லில் வைத்து, ஓர் ஓரத்தை மட்டும் சிறிய சுத்தியலால் தட்டிக்கொண்டே போனார். அடிபட்ட ஓரம் மெலிந்து நீண்டது, அடிபடாத ஓரம் அப்படியே நின்றது. பட்டை தானாகவே பிறையாக வளைந்தது. அதைச் சுருட்டியபோது கூம்பு கிடைத்தது. ஒரு துளி இரும்புகூட வீணாகவில்லை.

கூம்பின் அடியை மூடும் தட்டுக்கு லாரி வில்லுப்பட்டையில் ஒரு துண்டு. தரையோடு உரசித் தேய்வது அதுதான், ஆகவே சாதாரண இரும்பு போதாது. வட்டமாக வெட்டி, அரத்தால் ராவி, கூம்பின் அடிவாயில் பொருத்தினார். கூம்பையும் தட்டையும் சேர்த்து மெல்லிய இரும்புக் கம்பியால் சுற்றிக் கட்டினார். பக்கத்து மூட்டிலும் தட்டின் விளிம்பிலும் வெண்காரத்தைத் தண்ணீரில் குழைத்துப் பூசி, பித்தளைக் கம்பித் துணுக்குகளை வைத்தார். இரண்டு பற்றையும், அதாவது பித்தளை உருகி ஒட்டும் இரண்டு இணைப்பையும், ஒரே சூட்டில் ஓடவிட வேண்டுமாம். தனித்தனியாகச் செய்தால் இரண்டாவது சூட்டில் முதல் பற்று இளகிவிடும்.

பிறகு குறட்டில் பிடித்து உலைக்குள் நீட்டினார். வெண்காரம் முதலில் பொரியைப் போலப் பொங்கி வெளுத்தது. கொஞ்ச நேரத்தில் அடங்கி, கண்ணாடியாக உருகி இரும்பைப் போர்த்தியது. அந்தப் போர்வைதான் காற்றை அண்டவிடாமல் காக்கிறது. அது இல்லாவிட்டால் பழுத்த இரும்பின்மேல் செதில் படிந்து பித்தளை ஒட்டாது. சூடு ஏறக்குறைய 900 டிகிரியைத் தொடும்போது பித்தளை உருகும். பெரியவர் வெப்பமானி எதையும் பார்க்கவில்லை. கொட்டகையின் வாசலில் சாக்குத் திரையை இழுத்துவிடச் சொன்னார், அவ்வளவுதான். வெயிலில் இரும்பின் நிறம் பொய் சொல்லும் என்றார். அரையிருட்டில் செம்மை ஆரஞ்சாக மாறிய ஒரு நொடியில் பித்தளைத் துணுக்கு சட்டென்று கலங்கி, மின்னி, மூட்டுக்குள் தண்ணீராக ஓடி மறைந்தது. ஊற்றவில்லை, தள்ளவில்லை. இடுக்கு அதை உறிஞ்சிக்கொண்டது. என் ஆயுளில் நான் பார்த்த அழகான நொடிகளில் அது ஒன்று.

மாலைக்குள் இரண்டு குப்பிகள். குப்பி என்றேனே, அதையும் சொல்லிவிடுகிறேன். இருபக்கமும் திறந்த வளையமாக இருந்தால் பூண். அடி மூடியிருந்தால் குப்பி. மாட்டுக் கொம்பின் நுனியில் மாட்டுவதும் குப்பிதான். தடிக்கு இரண்டையும் பொதுவாகப் பூண் என்றே கேட்கிறார்கள்; நானும் அப்படியே எழுதுகிறேன்.

மூன்றாம் நாள் – பட்டறை, மீண்டும்

இன்று பொருத்தும் நாள். எளிதான வேலை என்று எண்ணிப் போனேன். நாள் முழுவதும் போய்விட்டது.

பூணின் உட்பக்கத்தில் விளக்குக் கரியை எண்ணெயில் குழைத்துத் தடவினோம். செதுக்கிய நுனியை அதற்குள் நுழைத்து, லேசாகத் திருகி, வெளியே எடுத்தோம். மரத்தில் எங்கே கறுப்புப் பட்டிருக்கிறதோ அந்த இடம் மேடு. அங்கே மட்டும் அரத்தால் இரண்டு இழுப்பு. மீண்டும் நுழைத்தல், மீண்டும் எடுத்தல். முதலில் இரண்டே புள்ளிகள் கறுத்தன. பதினைந்தாம் முறையில் நுனி முழுவதும் புகைபோலக் கறுத்தது. "இப்போதுதான் இரண்டும் ஒன்றையொன்று தெரிந்துகொண்டன" என்றார் பெரியவர். பனையில் இந்த வேலை கடினம். மற்ற மரங்களைப் போல வளையங்களாக வளராத மரம் அது. மென்மையான சோற்றுக்குள் கறுப்பு நார்கள் கம்பி கம்பியாக ஓடுகின்றன. அரம் சற்றே கோணினாலும் ஒரு நார் பிய்ந்துகொண்டு வந்துவிடும். நாரோட்டத்தின் திசையில், நுனியை நோக்கி மட்டுமே இழுக்க வேண்டும்.

கருவைத் தடியை என்னிடமே விட்டுவிட்டார். அங்கேதான் தவறு செய்தேன். மாட்டுவண்டிச் சக்கரத்துக்குப் பட்டா போடுவதைச் சிறுவயதில் பார்த்திருக்கிறேன். வட்டமாக நெருப்பு மூட்டி, இரும்புப் பட்டாவைப் பழுக்கக் காய்ச்சி, நான்கு பேர் குறட்டால் தூக்கிச் சக்கரத்தின்மேல் இறக்கித் தண்ணீர் ஊற்றுவார்கள். புகையும் ஆவியுமாகச் சக்கரம் முனகிக்கொண்டே இறுகும். அதே நினைவில், என் பூணையும் சிவக்கக் காய்ச்சி நுனியில் ஏற்றி அடித்தேன். புகை வந்தது. மகிழ்ச்சியாக இருந்தது. தண்ணீரில் முக்கி எடுத்தேன். ஒரு மணி நேரம் கழித்துத் தடியைத் தரையில் நான்கு முறை தட்டியதும் பூண் கழன்று உருண்டது. உள்ளே மரம் கரியாகியிருந்தது. விரலால் தொட்டால் உதிர்ந்தது.

இரவு உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். இரும்பு ஒவ்வொரு டிகிரிக்கும் தன் நீளத்தில் பத்து லட்சத்தில் 12 பங்கு விரியும். ஒன்றரை மீட்டர் விட்டமுள்ள வண்டிப் பட்டா 500 டிகிரி சூடேறினால் விட்டம் 9 மி.மீ. அகலும். அது ஆறும்போது சக்கரத்தையே நெருக்கிவிடும். என் 20 மி.மீ. பூணை மரம் தாங்கும் அளவுக்கு, 130 டிகிரி ஏற்றினால் விரிவது 0.03 மி.மீ.; தலைமுடியின் பாதிக் கனம்கூட இல்லை. சக்கரத்துக்குப் பொருந்தும் நியாயம் தடிக்குப் பொருந்தாது. தடியின் பூணைப் பிடித்து நிறுத்துவது மூன்று: கூம்பு, கறுப்புத் தடவிப் பார்த்த நெருக்கம், அரக்கு.

ஆம், அரக்கு. கத்திக்கும் அரிவாளுக்கும் பிடி ஏற்றக் கொல்லர்கள் காலங்காலமாக நம்பிய பொருள். பெரியவர் பனைத்தடிக்கு ஏற்றிய முறை இது: பூணை மட்டும் மிதமாகச் சூடாக்கினார். ஒரு துளி தண்ணீர் விட்டார். விழுந்த இடத்திலேயே சுர்ரென்று வற்றினால் சரியான சூடு. துளி முத்துப்போல உருண்டு ஓடினால் சூடு மிஞ்சிவிட்டது, ஆறவிட வேண்டும். பிறகு உள்ளே அரக்குத் தூளைப் போட்டார். அது உருகிப் பளபளத்ததும் தடியின் நுனியை நேராக இறக்கி, தடியைத் தலைகீழாகப் பிடித்துக் கட்டைச் சுத்தியலால் ஐந்தாறு அடி. விளிம்பில் அரக்கு ஒரு சிவப்பு வளையமாகக் கசிந்தது. ஈரத்துணியால் துடைத்து எடுத்தார்.

அரக்கு ஒட்டுவதற்கு மட்டுமில்லை. மரத்தின் குறுக்குவெட்டு என்பது ஆயிரக்கணக்கான நுண்ணிய குழாய்களின் வாய். ஈரத்தரையில் ஊன்றினால் அவை தண்ணீரை உறிஞ்சும். பூண் போட்டும் அடிமரம் உளுத்துப்போன பழைய தடிகளைப் பார்த்திருக்கிறேன். காரணம் இப்போதுதான் விளங்கியது. அந்த வாய்களை அரக்கு அடைத்துவிடுகிறது. அத்தையின் பழைய தடியில் நான் எண்ணெய் தேய்த்ததெல்லாம் பக்கவாட்டில்தான். தண்ணீர் குடிக்கும் வாயைத் திறந்தே வைத்திருந்தேன்.

கூலி வாங்கும்போது பெரியவர் கருகிய கருவைத் தடியை எடுத்து, கரி போகும்வரை நுனியை அறுத்துக் கையில் கொடுத்தார். ஒரு விரற்கடை குட்டையாகிவிட்டது. குட்டையான ஆளுக்குக் கொடுங்கள் என்றார்.

நான்காம் நாள் – மண்டபம், பாம்பன்

பஸ்ஸில் மண்டபம் வந்தேன். வாடைக் காற்று. உதட்டை நக்கினால் உப்பு.

வேப்பந்தடிக்கு இரும்புப் பூண் வேண்டாம் என்று பட்டறையிலேயே நினைத்திருந்தேன். கடலோரத்தில் இரும்பு என்ன பாடுபடும் என்பதை இந்த ஊரில் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1914-இல் திறந்த பழைய ரயில் பாலத்துக்கு வாழ்நாள் முழுவதும் வண்ணம் பூசிக்கொண்டே இருந்தார்கள். காரைக்குடியில் 1948-இல் தொடங்கிய மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம், உலோகங்கள் உப்புக்காற்றில் எப்படி அரிக்கின்றன என்று ஆராய இந்த மண்டபத்தில் ஒரு நிலையமே வைத்திருக்கிறது. ஊன்றுகோலின் நுனி கடல்மணலில் தினமும் புதையும் பொருள். அதற்கும் அந்த அக்கறை வேண்டும்.

விசைப்படகு இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் ஒருவருடைய கடைசல் பட்டறைக்குப் போனேன். தடியைக் கையில் வாங்கியதும் அவர் கேட்ட முதல் கேள்வி: "இதை ஊன்றுகிறவர் கடலில் இறங்குவாரா, கரையில் மட்டுமா?" எவ்வளவு நல்ல கேள்வி. கரையில் மட்டும் என்றால் பித்தளை போதும். தினமும் கடலில் நனையும் என்றால் சாதாரணப் பித்தளையை நம்பக் கூடாது என்றார். பழைய பித்தளை வால்வு ஒன்றை எடுத்துக் காட்டினார். மஞ்சளாக இருந்திருக்க வேண்டியது செம்புநிறமாகத் திட்டுத்திட்டாக மாறியிருந்தது. பித்தளையில் செம்பும் துத்தநாகமும் கலந்திருக்கின்றன. கடல்நீர் துத்தநாகத்தை மட்டும் மெல்ல உருவிக்கொண்டு போய்விடும். மிஞ்சுவது கடற்பஞ்சு போலத் துளைவிழுந்த செம்பு. வால்வின் விளிம்பைக் குறட்டால் நெருக்கினார். பிஸ்கட் போல உடைந்தது.

படகின் அடியில் துத்தநாகக் கட்டிகளைத் திருகி வைப்பதையும் காட்டினார். கடல்நீர் முதலில் அந்தக் கட்டியைத் தின்னும். அது கரையும்வரை சுக்கானும் தண்டும் பிழைத்திருக்கும். இதே காரணத்தால்தான் பித்தளைப் பூணை இரும்பு ஆணியால் அடிக்கக் கூடாது. ஈரத்தில் இரண்டும் தொட்டுக்கொண்டிருந்தால் இரும்பு தன்னைக் கொடுத்துப் பித்தளையைக் காக்கும். பூண் பளபளவென்று இருக்கும், ஆணி துருவாகி உதிர்ந்திருக்கும், ஒரு நாள் பூண் மட்டும் மணலிலேயே தங்கிவிடும்.

என் தடிக்குப் பழைய கன்மெட்டல் புஷ் (உலோக உருளை) ஒன்றைத் தேர்ந்தார். செம்போடு வெள்ளீயம் சேர்ந்த கலவை, கடலுக்குப் பழகியது. கடைசலில் சுழலவிட்டு, உள்ளே மெல்லிய கூம்பாகவும் வெளியே மட்டமாகவும் சீவினார். பொன்னிறச் சீவல்கள் சுருண்டு விழுந்தன. குறுக்கே அடிக்க 3 மி.மீ. செம்புக் கம்பி. அதை நெருப்பில் சிவக்கவிட்டு நேராகத் தண்ணீரில் போட்டார். எஃகைப் பழுக்கவைத்துத் தண்ணீரில் போட்டால் முறுக்கேறும்; செம்போ இளகும். இளகிய கம்பியைத் துளையில் செருகி இருபுறமும் தட்டியபோது மெழுகு போலப் பரந்து தலை கட்டிக்கொண்டது. ஓர் ஆணிதான், இரண்டு வேண்டாம் என்றார். துளைக்குத் துளை மரத்தின் பலம் குறையும்.

மாலையில் பாம்பன் சாலைப் பாலத்தில் நின்றேன். வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. இங்குள்ளவர்கள் வடகடலைப் பெண்கடல் என்றும் தென்கடலை ஆண்கடல் என்றும் சொல்வார்கள். 

ஐந்தாம் நாள் – ராமேஸ்வரம்

தை அமாவாசை. அக்னி தீர்த்தத்தில் இருட்டோடு இருட்டாகக் கூட்டம். முன்னோருக்குத் தர்ப்பணம் கொடுக்க வந்தவர்களில் முதியவர்களே அதிகம். நான் தரையைப் பார்த்தே நடந்தேன். மூங்கில், பிரம்பு, அலுமினியம், மண்வெட்டிக் காம்பு, குடை. பாதிக்கு மேல் நுனியில் ஒன்றும் இல்லாதவை.

இருபத்திரண்டு தீர்த்தங்களிலும் நீராடியவர்கள் சொட்டச் சொட்டப் பிரகாரத்துக்குள் வருகிறார்கள். 1212 தூண்கள் கொண்ட அந்த மூன்றாம் பிரகாரத்தின் கல்தளம் ஈரத்தில் கண்ணாடியாக மின்னியது. அங்கே ஒரு பெரியவரின் தடி, இரும்புப் பூண் போட்டது, அழகான வேலைப்பாடு, முன்னால் சறுக்கியது. பக்கத்தில் வந்த பெண் தோளைப் பிடித்துவிட்டார். விழவில்லை. ஆனால் என் நெஞ்சு அடித்துக்கொண்டது. இரண்டு நாளாக நான் கொண்டாடிக்கொண்டிருந்த இரும்பு, ஈரக் கருங்கல்லின்மேல் மரத்தைவிட மோசமாக வழுக்குகிறது. மணலிலும் சேற்றிலும் சரளையிலும் உலோக நுனி அரசன். வழவழப்பான ஈரக் கல்லுக்கும் இப்போது வீடுதோறும் பதிக்கும் டைல்ஸ் தரைக்கும் ரப்பர்தான் துணை. நிலம் மாறினால் நுனியும் மாற வேண்டும்.

சன்னிதித் தெருவிலிருந்து இரண்டு தெரு தள்ளி, மருந்துக் கடையில் ஊன்றுகோல் ரப்பர் புஷ் கிடைத்தது. 24 மி.மீ. அளவு. பூணின் வெளிப்பக்கம் மரத்தோடு மட்டமாக இருப்பதால் புஷ் அதன்மேலேயே ஏறி இறுகியது. ஹார்டுவேர் கடையில் ஒரு வாஷர் வாங்கி புஷ்ஷின் அடியில் போட்டேன். இல்லாவிட்டால் இரும்பு விளிம்பு சில மாதங்களில் ரப்பரை வட்டமாக வெட்டிக்கொண்டு வெளியே வந்துவிடும்.

தரிசனம் முடித்து நான்கு மணி பஸ் பிடித்தேன்.

ஆறாம் நாள் – தொண்டிச் சாலை

அத்தையின் ஊர் திருப்பாலைக்குடிக்கும் தொண்டிக்கும் நடுவில், கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து உள்ளே. பெண்கடல் கரை. இங்கே மணலோடு சேறும் கலந்திருக்கும். அத்தை திண்ணையில் உட்கார்ந்து மொச்சை உரித்துக்கொண்டிருந்தார்.

"வா, அப்பு. தடியைத் தூக்கிக்கொண்டா ஊரைச் சுற்றினாய்?"

"உங்களுக்குத்தான், அத்தை."

உயரம் இன்னும் வெட்டவில்லை. ஆளைப் பார்த்துத்தான் வெட்ட வேண்டும். செருப்பு போட்டு நிமிர்ந்து நிற்கச் சொன்னேன். கைகளை இயல்பாகத் தொங்கவிட்டால் மணிக்கட்டு மடிப்பு எங்கே வருகிறதோ, அதுவே தடியின் உச்சி. அப்போதுதான் ஊன்றும்போது முழங்கை சற்றே மடங்கி நிற்கும். பூண் ஏற்கெனவே அடியில் இருப்பதால் மேலே அறுத்துக் கைப்பிடியைப் பொருத்தினேன். பழைய தடி இரண்டு விரற்கடை உயரமாக இருந்திருக்கிறது. மூன்று ஆண்டுகளாக அத்தை தோளைத் தூக்கிக்கொண்டே நடந்திருக்கிறார். ஒரு வார்த்தை சொல்லவில்லை. கேட்டதற்கு, "நீ செய்தது, எப்படிக் குறை சொல்வது?" என்றார். என்னால் பதில் பேச முடியவில்லை.

ரப்பரைக் கழற்றிவிட்டு முதலில் வாசலுக்கு, பிறகு கரைக்கு. கிளிஞ்சல் கலந்த மண்ணில் பூண் நறுக் நறுக்கென்று கடித்தது. சேற்றுப் பகுதியில் சற்றுத் தயங்கினார். ஊன்றி எடுத்தார். அடி குறுகிய கூம்பு என்பதால் சேறு பிடித்து இழுக்கவில்லை, எளிதாக வந்தது. திரும்பி வந்து முற்றத்து டைல்ஸில் காலை வைக்கும் முன், ரப்பரை மாட்டக் கற்றுக்கொடுத்தேன். தனக்கே வர வேண்டும் என்று பிடிவாதமாக நான்கு முறை மாட்டிக் கழற்றினார். முறிந்து கூடிய இடது கைக்குக் கொஞ்சம் பலம் போதவில்லை. ரப்பரின் வாயில் துளி தேங்காயெண்ணெய் தடவினேன். அதன்பின் அவராலேயே முடிந்தது. கழற்றிய ரப்பரைத் துடைத்து, வெற்றிலையும் சில்லறையும் இருக்கும் சுருக்குப்பைக்குள் போட்டு முடிந்துகொண்டார்.

மாமாவின் தடிக்கும் பூண் இருந்ததாம். சாலைத் திருப்பத்தில் அது கல்லில் படும் சத்தம் கேட்டதும் அத்தை அடுப்பில் சோற்றை இறக்குவாராம். இத்தனை ஆண்டுகளில் இதை அவர் என்னிடம் சொன்னதே இல்லை.

கருவைத் தடியைப் பற்றிய கவலையும் தீர்ந்தது. பின்வீட்டு லாத்தா சத்தம் கேட்டு வந்தார். அத்தையைவிட ஒரு சாண் குட்டை. ஊன்றி வந்தது ஒரு மூங்கில் கழி; அடி பிளந்து, பிளாஸ்டிக் கயிற்றால் இறுக்கிக் கட்டியிருந்தது. அத்தை என்னைப் பார்த்தார். நான் கருவைத் தடியை லாத்தாவின் மணிக்கட்டுக்கு நேராக நிறுத்தினேன். சரியாக இருந்தது. நுனியில் பூண் இல்லை.

"எத்தனை நாள் ஆகும்?" என்று கேட்டார் லாத்தா.

நாளை காலை ராமநாதபுரத்துக்கு முதல் பஸ் எத்தனை மணிக்கு என்று அத்தையிடம் கேட்டேன். பிறகு வேலியோரத்து வடலிப் பனையிலிருந்து ஒரு கீற்றுக் கிழித்துக் கருவைத் தடியின் நுனியில் சுற்றி, நகத்தால் கீறினேன்.